செவிலி மரங்கள்

நிலத்தை வகுத்துப் பெயரிட முற்பட்ட நம் முன்னோர், அதன் மண்ணை நோக்கிப் பெயரிட்டாரல்லர். அதன்கண் மலர்ந்ததை நோக்கியே பெயரிட்டனர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் ஐந்தும் செடிகொடி மரங்களின் பெயர்களே. இவற்றுள் பாலையைப்பற்றி இளங்கோவடிகள் கூறுவது ஏனை நான்கினின்றும் வேறுபட்டது. பாலை எனத் தனியே பிறந்ததொரு நிலம் இல்லை. காடும் மலையும் வெம்மையால் தம் நல்லியல்பை இழந்து நிற்கும் நிலையே பாலையாம் என்பது அவர் கருத்து. தேர்வின்பொருட்டுச் சிலப்பதிகாரம் பயிலும் யாம் இவ்விடத்தை ஓர் இலக்கணக் குறிப்பாக எழுதிக்கொண்டு கடந்துவிடுவதே வழக்கம். ஆயின், இன்று நம் நாட்டின் செம்மண் மேடுகளையும் மொட்டைக் குன்றுகளையும் காண்பார்க்கு அது கண்கூடான செய்தியாகும்.

இங்ஙனம் திரிந்த நிலத்தை மீட்டற்கு மரம் நடவேண்டும் என்பதில் பலர்க்கும் கருத்து வேறுபாடில்லை. எம்மரத்தை நடுவது என்பதிலேதான் வழக்கு. இம்மண்ணுக்கே உரிய மரங்களையன்றி வேறொன்றும் கூடாதென்பர் ஒருசாரார். விரைந்து வளரும் அயல்நாட்டு மரங்களை நட்டால் ஐந்தாண்டிற் பசுமை காணலாமே என்பர் மற்றொருசாரார். இருசாராரும் மரத்தின் பிறப்பிடத்தை வினவுகின்றனரேயன்றி, அதன் நிழலில் என்ன முளைக்கின்றது என்பதை வினவுவதில்லை. அவ்வினாவே முதன்மையானது என்பது எம் கருத்து. நம் கல்லூரிக்குரிய நிலமொன்றைப் பற்றியும் இப்பொழுது இவ்வழக்கு எழுந்துள்ளமையால், இதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம்.

மரம் வெட்டுண்டு, ஆடுமாடு ஓயாது மேய்ந்து, மேல்மண் முழுதும் மழையோடு கடலுக்குச் சென்றுவிட்ட செம்பொறை நிலம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அதன் மேற்பரப்பு வெயிலில் ஓடுபோல் இறுகியிருக்கும். ஐப்பசியில் எவ்வளவு மழை பெய்யினும் நீர் உள்ளிறங்காது. செந்நீராய் ஓடி ஓடை வெட்டும். பறவை அமரக் கிளையின்மையின் அது கொணரும் விதையும் அங்கு வீழாது. தப்பித்தவறி ஒரு விதை முளைப்பினும், நிழலிற் பிறந்து நிழலில் வளரும் காட்டுக்கன்று சித்திரை வெயிலை ஒரு திங்களும் தாங்காது. கன்றுகளின் வேரோடு கூடி வாழ்ந்து அவற்றிற்கு உணவு ஊட்டும் நுண்ணிய பூஞ்சைகளும் அம்மண்ணில் அருகிவிட்டிருக்கும். ஆகவே, 'இம்மண்ணின் மரத்தை இம்மண்ணில் நடுக' என்பது கேட்டற்கு இனிதாயினும், அம்மண் இப்பொழுது அங்கே இல்லை என்பதை மறத்தலாகாது. மண் சென்றுவிட்டது, பெயர் மட்டுமே எஞ்சியிருக்கின்றது.

புதுச்சேரிக்கு வடக்கே 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் ஆரோவில் நகர் தொடங்கப்பெற்ற மேட்டுநிலம் இத்தகையதே. பனைகள் சில நிற்க, எஞ்சிய இடமெல்லாம் வெடித்த செம்மண்ணும் ஆழ்ந்த ஓடைகளுமாய் இருந்ததென்பர். அங்குக் குடியேறியோர் முதற்கண் மழைநீரைத் தடுக்க மண்கரைகள் எழுப்பினர். பின்னர்ப் பலவகை மரங்களை நட்டுப் பார்த்தனர். அவற்றுள் நன்கு நிலைத்த ஒன்று நம்மவர் கத்திச் சவுக்கு எனக் கூறும் ஆஸ்திரேலிய மரம். அதில் நாம் இலையென்று காண்பது உண்மையில் இலையன்று, தட்டையாய் விரிந்த இலைக்காம்பேயாகும். வறட்சிக்கு அஞ்சாமை, வேர்முடிச்சுகளால் காற்றின் நைட்ரசனை மண்ணிற் சேர்த்தல், சருகை மிகுதியாக உதிர்த்தல் என்னும் மூன்று பண்பும் உடைமையின் அது அங்குப் பெரிதும் உழைத்தது. ஆரோவில்லார் அதற்கு 'உழைப்பு' என்றே பெயரிட்டழைப்பது மிகவும் பொருந்தும்.

ஆயின், அவர் அதனோடு நின்றுவிடவில்லை. நிழலும் சருகும் உண்டானபின், சோழமண்டலக் கரைக்கே உரிய பசுமைமாறாக் காட்டின் மரங்களைத் தேடலாயினர். வீரை, கருங்காலி, உலக்கைப்பாலை, காயா முதலியன அக்காட்டு மரங்கள். முல்லைத்திணைப் பாட்டுகளிற் பூவாக மட்டுமே யாம் அறிந்த காயா, இன்றும் உயிரோடு நிற்கும் மரமென்பதைப் பலர் அறியார். அது நிற்பது எங்கே? பெரும்பாலும் கோயிற்காடுகளில். கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காடு அத்தகையதொன்று. சுற்றிலும் விளைநிலமும் சாலையும் சூழ்ந்தவிடத்தும், தெய்வத்திற்குரிய காட்டில் ஒரு கொம்பும் ஒடிக்கலாகாதென்று அஞ்சிய ஊரார் அதனைக் காத்துவந்தனர். சமயத்தால் யாம் வேறாயினும், அவ்வச்சத்திற்கு நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளோம். அக்காடுகளும் அழிந்திருப்பின், கத்திச் சவுக்கு எத்துணை உழைத்தும் பயனில்லை. அதன் நிழலில் இடுதற்கு விதையே கிடைத்திராது.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் அக்கரையைத் தாக்கியபொழுது, கத்திச் சவுக்குகள் பல முறிந்தும் வேரோடு சாய்ந்தும் வீழ்ந்தன. அதன் கிளை எளிதில் முறிவது, வாழ்நாளும் நெடிதன்று. ஒருவகை மரத்தையே நட்டு நின்றுவிட்ட தோப்பாயின், அன்றே அது மீண்டும் பாலையாகியிருக்கும். அடியில் உள்நாட்டு மரங்கள் வேரூன்றியிருந்த இடங்களிலோ, மூத்தது வீழ இளையது ஒளி பெற்றது.

அகப்பொருள் நூல்கள் தலைவிக்குத் தாயர் இருவரைக் கூறும். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தலைவி வளர்ந்து உடன்போக்கிற் சென்றபின் செவிலிக்கு அம்மனையில் முன்னிருந்த பணியில்லை. அயல்நாட்டு மரத்திற்கு நாம் தரத்தக்க இடம் அச்செவிலியின் இடமேயாகும். அது நற்றாயாகாது; நற்றாய் இல்லாத மனையில் அதனை இகழ்வதும் முறையன்று. எனினும், செவிலி என்று நாம் அமர்த்தியவள் மனையையே தனதாக்கிக்கொள்ளாதிருத்தல் வேண்டும்.

வேறொரு நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. கென்யாவின் மொம்பாசா நகருக்கு அருகே பம்புரி என்னுமிடத்தில், சிமெண்டு ஆலைக்காகச் சுண்ணாம்புப் பாறையை வெட்டியெடுத்தபின் எஞ்சிய பெரும்பள்ளங்களில், 1971-ஆம் ஆண்டு ரெனே ஹாலர் என்பார் மரம் நடத் தொடங்கினார். பலவகை மரங்களை நட்டுப் பார்த்ததில் ஒருசிலவே பிழைத்தன. அவற்றுள் நம் கடற்கரையோர் நன்கறிந்த சவுக்கும் ஒன்று. மரம் வளர்ந்தது, ஆயின், ஊசிபோன்ற அதன் சருகு மட்காமல் மெத்தையாகக் குவிந்து கிடந்தது. அதனைத் தின்று மண்ணாக்கியவை மரவட்டைகள். செங்காலுடைய அம்மரவட்டைகளைக் கொணர்ந்து விட்டபின்னரே அங்கு மண் என்பது உண்டாகி, பிற மரங்களும் பின்னர் விலங்குகளும் வாழலாயின. காட்டை மீட்கும் பெருஞ்செயலில் நாம் காலால் ஒதுக்கித்தள்ளும் மரவட்டைக்கும் பங்குண்டென்பது நினைக்கத்தக்கது.

இனி, செவிலியே வேண்டாத மனையிற் செவிலியை அமர்த்தியதால் விளைந்த கேட்டினைப் பழனிமலையிற் காணலாம். அம்மலையின் உச்சிப்பகுதி, பள்ளங்களிற் சோலையும் மேடுகளிற் புல்வெளியுமாக இயற்கையில் அமைந்தது. 1845-ஆம் ஆண்டு அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். நம்போன்ற கல்லூரிகளை இந்நாட்டில் நிறுவியோரும் அவ்வழி வந்தோரே. அவர்க்கும் பின்வந்த ஆங்கிலேயர்க்கும் அப்புல்வெளி மரமற்ற வெறுநிலமாகத் தோன்றியிருத்தல் வேண்டும். நீலகிரியிலும் இங்ஙனமே விறகுக்கென்று தைலமரமும் சீகையும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தன. எனினும், பழி முழுவதையும் வெள்ளையர்மேற் சுமத்துதல் நேர்மையாகாது. பழனிமலைப் புல்வெளியிற் பெரும்பகுதி தைலம், பைன், சீகை ஆகியவற்றின் தோட்டமானது நாடு விடுதலை பெற்றபின்னரே. தோல் பதனிடச் சீகைப்பட்டையும், ஆலைகளுக்கு மரக்கூழும் வேண்டப்பட்டன. 1973 முதல் நாற்பதாண்டுகளில் அப்புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதென, வான்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2018-இல் காட்டிற்று.

அப்புல்வெளி கெட்ட நிலமன்று; ஒருபொழுதும் பாலையாய்த் திரிந்ததுமன்று. மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சிவைத்து வைகைக்கும் அமராவதிக்கும் சிறிது சிறிதாக விடுத்துவந்த நிலம் அது. வரையாடு மேய்வது அங்கே. பன்னீராண்டிற்கொருமுறை பூத்து 2018-இல் மலையை நீலமாக்கிய குறிஞ்சி வளர்வதும் அப்புல்லிடையேதான். திணைக்கே பெயர் தந்த மலரின் இடத்தில் மரம் நட்டுவிட்டு அதனைக் 'காடு வளர்ப்பு' என்று ஏட்டில் எழுதியிருக்கின்றோம். தமிழ் படிப்போர்க்கு இதனினும் வெட்கந்தருவது யாதுளது?

ஆயினும், இக்கதை இவ்வளவில் முடியவில்லை. இதன் பிற்பகுதியே எமக்கு மிகுந்த வியப்பளித்தது. கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் நெடுங்காலம் வாழ்ந்து சோலைமரங்களை வளர்த்த பாப் ஸ்டூவர்ட், டான்யா பால்கர் என்னும் இருவர், கைவிடப்பட்ட பழைய சீகைத் தோட்டங்களின் அடியில் சோலைமரக் கன்றுகள் தாமே எழுந்திருப்பதைக் கண்டு எடுத்துரைத்தனர். உறைபனியாலும் காட்டுத்தீயாலும் திறந்த புல்வெளியில் நிலைக்கமாட்டாத அக்கன்றுகளுக்குச் சீகையின் நிழல் காப்பாயிற்று. விதையைப் பறவைகள் கொணர்ந்தன. அயல்மரமென்று அத்தோட்டங்களை அடியோடு வெட்டிவிடின் நேர்வது யாது? மண்ணில் பல்லாண்டுகள் உறங்கிக்கிடக்கும் சீகை விதைகள் ஒளிகண்டவுடன் ஒருங்கே முளைத்துப் புதர்மண்டும். இளஞ்சோலைக் கன்றுகளோ வெயிலிற் கருகும். ஆகவே, சோலை எழுந்துவிட்ட தோட்டத்தைத் தொடாது விடுக. புல் இன்னும் எஞ்சியுள்ள இடங்களில் ஊடுருவும் சீகைக் கன்றுகளைப் பிடுங்குக என்பதே அவர்கள் கூறிய வழி. ஒரே மலையில் ஒரே மரம் ஓரிடத்திற் களையாகவும் மற்றோரிடத்திற் செவிலியாகவும் இருத்தலை இங்குக் காண்கின்றோம். இவ்விரண்டையும் பகுத்தறியாது 'அகற்றுக' என்றோ 'நடுக' என்றோ பொதுவாக ஆணையிடுதல், நோயாளியைக் காணாமல் மருந்து கொடுப்பதையொக்கும்.

அயல்மரம் யாவும் செவிலியாகும் என்று யாம் கூறியதாகக் கொள்ளற்க. தாது வருடப் பஞ்சத்தை ஒட்டி 1877-ஆம் ஆண்டளவில் இந்நாட்டிற்கு வந்த சீமைக் கருவேலம் செவிலியின் இயல்பு அற்றது. அதன் நெற்றை ஆடும் மாடும் விரும்பித் தின்று, சாணத்தோடு விதையை ஊரெங்கும் பரப்புகின்றன. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளையாய்த் தழைக்கும். அதன் சருகு பிற விதைகளின் முளைப்பைத் தடுக்குமென ஆய்வுகள் கூறும். கோடியக்கரையில் வெளிமான் மேயும் புல்வெளியையும் அது கவர்ந்துகொண்டது. இவ்வளவும் உண்மை. இராமநாதபுரத்துச் சீமையில் அதனை வெட்டிக் கரியாக்கி விற்று உலை வைக்கும் ஏழைகள் பலர் உளர் என்பதும் உண்மையே. மழை பொய்த்த ஆண்டில் அவர்க்குத் துணைநின்றது அதுவேயன்றி, நாம் புகழும் மகிழமும் வீரையும் அல்ல. அவர்க்கு வேறு பிழைப்புக்கு வழி கூறாமல், அம்மரத்தை ஒரே நாளில் ஒழித்துவிட வேண்டுமென மேடையில் முழங்குவார்பால் எமக்கு மதிப்பில்லை.

பிறப்பொன்றையே நோக்கி அயல்மரத்தை விலக்குவார்க்கு ஒரு சொல். நம் குழம்பிற் கரையும் புளி ஆப்பிரிக்க மரத்தின் கனி. விளையாட்டு வெளியின் ஓரத்தில் நமக்கு நிழல் தரும் தூங்குமூஞ்சி மரம் அமெரிக்காவிலிருந்து வந்தது. தொல்காப்பியரும் திசைச்சொல்லைச் செய்யுளில் விலக்கினாரல்லர். சொல் நால்வகையுள் ஒன்றாக அதற்கு இடமளித்தார். எனினும், செய்யுள் முழுதும் திசைச்சொல்லாயின் அது தமிழ்ச் செய்யுளாகாது என்பதையும் யாம் அறிவோம்.

தமிழ்நாட்டரசு 2022-ஆம் ஆண்டு பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கி, காட்டின் பரப்பையும் மரங்களின் பரப்பையும் சேர்த்து 33 விழுக்காடாக உயர்த்துதலைக் குறிக்கோளாகக் கொண்டது. ஊறுசெய்யும் அயற்களைகளை அகற்றி நிலத்தை மீட்டற்கான கொள்கையொன்றும் அவ்வாண்டே வெளிவந்தது. இரண்டும் நன்முயற்சிகளே. ஆயின், விழுக்காட்டை நோக்கி ஓடுங்கால், மரமில்லாத நிலமெல்லாம் குறையுடையதாகக் கண்ணிற் படும். பழனிமலையில் நேர்ந்த பிழை வேறு புல்வெளிகளில் மீண்டும் நேரும். கல்லூரிகளில் நாம் நடத்தும் மரநடு விழாக்களும் இக்கணக்கு மயக்கத்திற்கு விலக்கல்ல. இத்தனை கன்று நட்டோமென்று அறிக்கை எழுதுகின்றோம், படமும் எடுத்துக்கொள்கின்றோம். அடுத்த சித்திரையில் எத்தனை உயிரோடிருந்தன என்பதை எழுதிய அறிக்கை ஒன்றையேனும் யாம் இதுவரை கண்டதில்லை.

நம் ஆடவர் விடுதிக்குப் பின்புறம், பழைய கிணற்றிலிருந்து மதில்வரை கிடக்கும் நிலம் நான்கு ஏக்கருக்குக் குறையாது. சீமைக் கருவேலம் மண்டிய அந்நிலத்தை விடுமுறையில் எந்திரங்கொண்டு ஒருங்கே அழித்து, ஐந்நூறு கன்றுகளை ஒரே நாளில் நடலாமென்று ஒரு திட்டம் பேசப்படுகின்றது. அதன் நோக்கத்தை யாம் போற்றுகின்றோம், முறையை மறுக்கின்றோம். அப்புதரினுள் முள்ளைப் பொறுத்துச் சென்று பார்த்த எம் வகுப்பினர், வேம்பு முப்பத்தொன்றும் நுணா பன்னிரண்டும், நாவற்கன்று இரண்டும் எண்ணிவந்தனர். அவற்றை நட்டார் எவருமில்லை. காக்கையும் குயிலும் இட்டவை. செவிலியின் இயல்பற்ற அம்மரத்தின் கீழும் இத்துணை எழுந்துள்ளனவாயின், எந்திரத்தின் பல்லுக்கு அவற்றை இரையாக்குவதேன்? மேலும், நிலம் முழுவதையும் ஒருங்கே கிளறிவிட்டு வெயிலில் விடின், மண்ணிற் புதைந்துள்ள கருவேல விதைகளே முதலில் முந்திக்கொள்ளும்.

யாம் வேண்டுவது இது. நிலத்தை நான்காகப் பகுத்து, ஆண்டிற்கொரு பகுதியாக மழைக்குமுன் கருவேலத்தை அடிக்கட்டையோடு தோண்டியெடுக்கலாம். தானே எழுந்த கன்றுகளைச் சுற்றி வேலி கட்டிவிடலாம். விறகை விடுதிச் சமையற்கூடம் எடுத்துக்கொள்ளட்டும். இடைவெளியில் நடவேண்டிய கன்றுகளை விலைக்கு வாங்குதலினும் நாமே வளர்த்தல் நன்று. நாவலும் இலுப்பையும் வேம்பும் ஆனி ஆடியிற் பழுப்பவை. அவற்றின் விதை சில வாரங்களுக்குமேல் முளைக்கும் ஆற்றலோடு இராது. பொறுக்கியவுடன் நாற்றங்காலில் இடவேண்டும். ஆடியில் இட்டது அடுத்த ஆண்டு ஐப்பசிக்கு நடுந்தரமாகும். வெயில் மிகுந்த மேட்டுப்பகுதியில் மட்டும் சில ஆண்டுகளுக்குக் கத்திச் சவுக்கை நிழலுக்கு வைத்துக்கொள்ளலாம். எந்த ஆண்டில் அதனை வெட்டுவதென்பதை நடும் நாளிலேயே பேரேட்டில் எழுதிவைத்தல் வேண்டும்.

இதிலுள்ள பெருந்தடை நீரன்று, பணமுமன்று. இங்கு மாணவர் தங்குவது மூன்றாண்டே என்பதுதான். முதலாண்டில் விதை பொறுக்கியவன் நான்காம் பகுதி நடுமுன் பட்டம் பெற்றுச் சென்றுவிடுவான். ஆகையால் இப்பொறுப்பு ஒரு வகுப்பின் ஆர்வத்தைச் சார்ந்திராமல், விடுதியின் நிலையான கடமைகளுள் ஒன்றாக இருக்க வேண்டுமெனக் கல்லூரி முதல்வரை வேண்டிக்கொள்கின்றோம். பழைய மாணவரிடம் வேறொரு வேண்டுகோளும் உண்டு. அந்நிலத்தில் கருவேலம் படருமுன் எம்மரங்கள் நின்றன, கிணற்றில் எத்திங்கள்வரை நீர் இருந்தது என்பவற்றை எழுதிவைத்தார் எவருமிலர். விடுதியில் தங்கிப் படித்த பெரியோர் எவர்க்கேனும் அவை நினைவிலிருப்பின், ஆனி மாதத்திற்குள் தமிழ்த்துறைக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினால், நாற்றங்காலில் எவ்விதையை முதலில் இடுவதென்பதை அதனைக்கொண்டு முடிவுசெய்வோம்.